கோட்டை கோயில்னு பழைய கட்டடம் பாக்கப் போறீங்களா? மொதல்ல குனிஞ்சு பாருங்க

நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் பழைய கட்டடம் பாக்கப் போறவங்க முக்கால்வாசிப் பேரு ஒரே தப்பத்தான் பண்றாங்க, நானும் பண்ணிருக்கேன். மொத தடவ தர்மபுரி கோட்டை கோயிலுக்குப் போனப்ப நேரா மல்லிகார்ஜுனர் கோயில் தொங்குற தூண்கிட்ட போயி, அடியில பேப்பர விட்டு அந்தப் பக்கம் இழுத்து, ஒரு வீடியோ எடுத்துட்டு கெளம்பிட்டேன். அங்கயே காமாட்சி அம்மன் சன்னதியோட அடிப்பகுதிய சுத்தி ராமாயணத்தையே சின்னச் சின்ன சிற்பமா செதுக்கி வச்சிருக்காங்க, அத தாண்டித்தான் நடந்து போயிருக்கேன், கண்ணுல படவே இல்ல. எல்லாம் முழங்காலுக்குக் கீழ இருந்துச்சு, நான் செல்போன தூக்கிப் புடிச்சிட்டு நடந்தேன், அவ்ளோதான்.

அதனால ஒரு நாள் ஒதுக்கி ஒழுங்கா பாக்கணும்னா எப்டி போறதுன்னு சொல்றேன்.

காலைல ராயக்கோட்டை மலைக்கோட்டைல ஆரம்பிங்க. தக்காளி லாரிங்க கெளம்புற நேரத்துக்கே மலையடிவாரத்துல இருக்கணும், ஒம்பது மணிக்கு மேல பாறை சுட ஆரம்பிச்சிரும், மேல தண்ணி விக்க ஆளு கெடையாது, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தூக்கிட்டுப் போங்க. ஏறும்போது வாசல மட்டும் கவனிங்க. நேர் வழியா வச்சிருக்க மாட்டாங்க, ஒரு திருப்பம் திருப்பித்தான் உள்ள விடுவாங்க, யானையோ ஆளுங்களோ ஓடி வந்து வேகமா மோத முடியாதபடிக்கு. அங்க நின்னு மேல பாத்தா உங்க தலைக்கு நேரா ஒரு மதில் இருக்கும், அங்கிருந்து கல்லு உருட்டுனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தாலே கோட்டை புரிஞ்சிரும்.

அடுத்து செவுரு. கீழ சுண்ணாம்பே இல்லாம பெரிய கல்ல கல்லோட பொருத்தி அடுக்கிருந்தா ஒரு கை, மேல செங்கல்லும் சுண்ணாம்புமா வந்து அதுல கீழ் நோக்கி சரிஞ்ச ஓட்டை இருந்தா அது துப்பாக்கி வந்ததுக்கு அப்புறம் வேல செஞ்ச கை. விஜயநகரக் காலம், மைசூர்க்காரங்க காலம்னு ஒரே செவுத்துல ரெண்டு மூணு காலம் கலந்து கெடக்கும், "இது இன்னாரு கட்டுன கோட்டை"ன்னு ஒரே வரில சொல்றவங்கள நம்பாதீங்க. பாறைல வரிசையா சின்னச் சின்ன குழி தெரிஞ்சா அது ஆப்பு வச்சு கல்லு பொளந்த எடம், அதாவது மலைய ஒடச்சு அந்த மலைக்கே செவுரு கட்டிருக்காங்க. சுனை எங்க இருக்குன்னு தேடுங்க, தண்ணி இல்லன்னா முற்றுகைல பத்து நாள் தாங்காது. இந்த ராயக்கோட்டைய 1791ல இங்கிலீஷ்காரன் புடிச்சிட்டான், அதே வருஷம் நவம்பர்ல மேக்ஸ்வெல்னு ஒரு அதிகாரி கிருஷ்ணகிரி மலைக்கு வந்து கீழ்க்கோட்டைய புடிச்சும் மேல்கோட்டைய தொட முடியல. திப்பு சுல்தானோட போட்ட 1792 ஒப்பந்தத்துலதான் பாராமகாலே, அதாவது நம்ம இந்தப் பக்கம் பூராவுமே, இங்கிலீஷ்காரங்க கைக்குப் போச்சு. இன்னொரு நாள் கிருஷ்ணகிரி மலையும் ஏறிப் பாருங்க, அவன் ஏன் திரும்புனான்னு முழங்கால் சொல்லும்.

எறங்கி பாலக்கோடு வழியா தர்மபுரி. மத்தியானம் கோயில் நடை சாத்திருப்பாங்க, அந்த நேரத்துல அரசு மியூசியம் போங்க (வெள்ளிக்கிழமைன்னா லீவு, பாத்துக்கோங்க). நடுகல் இருக்கும், சண்டைல செத்த வீரனுக்கு நட்ட கல்லு. வீரன் கைல வில்லு, ஒடம்புல அம்பு, காலடில கெண்டி (மூக்கு வச்ச சொம்பு), சிமிழ், சிலதுல வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்து. பல்லவர் காலத்துக் கல்லுல "தொறு"ன்னு வரும், அதுதான் மாட்டு மந்தை, மாட்ட மீட்கப் போயி செத்தவங்க. நம்மூர்ல வயல்ல வேடியப்பன்னு பொங்கல் வைக்கிறது பாதி இந்தக் கல்லுக்குத்தான். அங்க போயி பாக்குறதா இருந்தா நெலத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, செருப்ப கழட்டிட்டுப் போங்க.

அப்ப அந்தக் காலத்து வீடு எங்கன்னு கேப்பீங்க. இல்ல. மண்ணும் கூரையுமா இருந்தது மழைல கரைஞ்சிருச்சு, கல்லு சாமிக்கும் கோட்டைக்கும்தான்.

நாலு மணி வாக்குல அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில். மண்டப விதானத்துல பழைய ஓவியம் இருக்கு, வெளிச்சம் இருக்கும்போதே பாத்துருங்க, ஃப்ளாஷ் வேண்டாம். கழுத்து வலிச்சா அப்டியே தூண் தலையப் பாருங்க. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவுல கை நீட்டுன மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அதுதான் போதிகை. ஐரோப்பால சர்ச் பாக்கப் போறவங்க மொதல்ல வளைவு அரைவட்டமா கூர்மையான்னு பாப்பாங்க, அரைவட்டம்னா பழசு, கூர்மைன்னா பின்னாடி வந்த கோதிக். நமக்கு அந்த வேலைய போதிகை செய்யும். சரிவா வெட்டி நடுவுல ஒரு துண்டு நீட்டிட்டு இருந்தா சோழர் காலம்னு ஆரம்பிக்கலாம், நுனில பூ மொட்டு தொங்குனா விஜயநகரம் இல்ல அதுக்குப் பின்னாடி. ஆனா மொட்டப் பாத்துட்டு கோயிலே அந்தக் காலம்னு சொல்லிறாதீங்க, கருவறை பழசா இருக்கும், முன்மண்டபம் எரநூறு முந்நூறு வருஷம் கழிச்சு சேத்துருப்பாங்க. ரெண்டும் சேர்ற எடத்துல குனிஞ்சு பாருங்க, ஜகதி, குமுதம்னு அடியில ஓடுற வரி அங்க சட்டுனு அறுந்து நிக்கும். எங்கயாவது கல்வெட்டு தலைகீழா இருந்தா இன்னும் நல்லது, கோயில பிரிச்சுத் திரும்பக் கட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

கல்வெட்டு படிக்க ஆசப்பட்டா மொதல்ல "ஸ்வஸ்தி ஸ்ரீ" எங்க இருக்குன்னு தேடுங்க, ஆரம்பமே அதுதான். புள்ளி வைக்காம எழுதிருப்பாங்க, மொதல்ல குழம்பும், பத்து வரி பாத்தா பழகிரும். எழுத்து தெரியணும்னு மாவு தேய்க்காதீங்க, சாக்பீஸும் வேண்டாம். நான் பாத்த ஒரு கோயில்ல திருப்பணிங்கிற பேர்ல செவுரு முழுக்க பெயிண்ட் அடிச்சு எழுத்தையே மூடிட்டாங்க, இன்னும் வயிறு எரியுது.

கடைசியா இருட்டுற நேரத்துக்கு கோட்டை கோயில். காமாட்சி அம்மன் சன்னதிகிட்ட உக்காந்து, செல்போன் டார்ச்ச நேரா அடிக்காம செவுத்தோட ஒட்டி பக்கவாட்டுல புடிங்க. நெழல் விழுந்ததும் மழுங்குன மூஞ்சிக்கெல்லாம் மூக்கு முளைக்கும், யாரு வில்லு புடிச்சிருக்கா யாரு வாலோட நிக்கிறாங்கன்னு தெரிய ஆரம்பிக்கும். ஒரு சுத்து மெதுவா உக்காந்து உக்காந்து நகருங்க, வர்றவங்க எதையோ தொலைச்சிட்டீங்கன்னு நெனச்சு அவங்களும் தேடுவாங்க, அவங்களுக்கும் காட்டுங்க. தொங்குற தூண அப்புறமா பாத்துக்கலாம், அது எங்கயும் போகாது.