கட்டை ஒன்று, சத்தம் அப்புறம்: கைக்கு அடக்கமான செலவில் வீட்டு ரெக்கார்டிங்

மடிக்கணினி இருக்கிறது, இசை வாசிக்கும் யூஎஸ்பி கீபோர்டு ஒன்றும் வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். மேக் என்றால் கராஜ்பேண்ட் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் இலவசம். அதைத் திறந்து வாசியுங்கள், இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லை. விண்டோஸ்காரர்கள் பாடுதான் பாடு.

ரெக்கார்டிங் மென்பொருளில் நான் ரீப்பர் கட்சி. 60 நாள் எல்லா வசதியோடும் வைத்துப் பார்க்கலாம். அப்புறம் சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். தோற்றம் மட்டும் கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி இருக்கும், பழகிவிடும். அடாசிட்டி குரல் பதிவுக்கு நல்லது, மிடி, அதாவது எந்தக் கட்டையை எப்போது அமுக்கினோம் என்ற குறிப்பை, வாசித்துப் பதிய உதவாது.

வாத்தியங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. பியானோவுக்கு ஸ்ஃபோர்ட்சாண்டோ என்ற இலவச பிளேயரை நிறுவி, சாலமாண்டர் கிராண்ட் பியானோவின் எஸ்எஃப்இசட் கோப்பை அதன் மேல் இழுத்துப் போடுங்கள். யமஹா சி5 பியானோவிலிருந்து பதிந்த ஒலி அது. சின்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி. இரண்டும் போதும், ஆறு மாதம் ஓடும்.

ரீப்பரில் கன்ட்ரோல்+டி அழுத்தினால் புது டிராக் வரும். எஃப்எக்ஸ் பொத்தானில் வாத்தியத்தைச் சேருங்கள். டிராக்கில் இருக்கும் சிவப்பு வட்டத்தை (பதிவுப் பொத்தான்) வலது சொடுக்கி, உள்ளீடாக மிடியைத் தேர்ந்தெடுத்து, வட்டத்தையும் அழுத்திவிடுங்கள். கீபோர்டு இன்னும் வாங்காதவர்கள் ஆல்ட்+பி அழுத்தினால் திரையிலேயே ஒன்று வரும்.

இங்கேதான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். கட்டையை அமுக்கினேன், சத்தம் சாவகாசமாக வந்தது. கை தாளம் ஒரு பக்கம், காது தாளம் இன்னொரு பக்கம். கீபோர்டுதான் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கக்கூடப் போனேன். கோளாறு அதில் இல்லை, பஃபரில். கணினி ஒலியைச் சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. மூட்டை நிறையும்வரை காது காத்திருக்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், 1024 அளவு மூட்டைக்கு 23 மில்லி நொடி, 128க்கு வெறும் 3. இதற்கு மேல், ஒலி அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதம் வேறு.

தீர்வு: ஆசியோ என்பது ஒலியைத் தாமதம் குறைவாக அனுப்பும் டிரைவர் வகை. அதில் இலவசமாகக் கிடைக்கும் ஆசியோ4ஆல் டிரைவரை நிறுவுங்கள். ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் போய், ஆடியோ சிஸ்டத்தை ஆசியோ என்று மாற்றுங்கள். அங்கேயே ஆசியோ கான்ஃபிகரேஷன் பொத்தானை அழுத்தினால் பஃபர் அளவை நகர்த்தும் பட்டை வரும். 256இல் தொடங்கி, கரகரப்பு வராதவரை குறைத்துக்கொண்டே போங்கள். தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு வெளியே செருகும் ஒலிப்பெட்டி) வைத்திருப்பவர்கள் அதோடு வரும் ஆசியோ டிரைவரையே போடுங்கள், ஆசியோ4ஆல் வேண்டாம்.

டிராக்குகள் கூடும்போது கரகரப்பு திரும்பி வரும். அப்போது வாசித்து முடித்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது வெறும் ஒலிப்பதிவாக உறைய வைத்துவிடுங்கள். மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தபின் பஃபரை 1024க்கே ஏற்றிக்கொள்ளலாம், அங்கே தாமதம் யாருக்கும் உறுத்தாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த நண்பர் ஒருவர், "எல்லாம் சரி, சத்தமே வரவில்லை" என்றார். பக்கத்தில் பிரௌசரில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது. ஒலி அட்டையை வேறொரு செயலி பிடித்து வைத்திருந்தால் ஆசியோ4ஆலுக்கு அது கிடைக்காமல் போகலாம். பிரௌசரை மூடிவிட்டு ரீப்பரை மறுபடி திறந்தார், பியானோ பேசியது.