வாக்கியத்தைக் கோட்டில் நிறுத்துவது

ஆங்கில வாக்கியத்தின் சொற்களைக் கோடுகளில் நிறுத்தி, எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று படமாகக் காட்டும் முறை இது; 1877இல் அமெரிக்காவின் புரூக்ளின் ஆசிரியர்கள் ரீடும் கெல்லாக்கும் புத்தகமாகத் தந்தது. மகளுக்கு நான் பென்சிலால்தான் சொல்லிக்கொடுத்தேன்; நிறைய அழிக்க வேண்டிவரும்.

"மை பிரதர் ரோட் எ லாங் லெட்டர்." முதலில் வினையைத் தேடுங்கள்: ரோட். எழுதியது யார்? பிரதர். கிடைக்கோடு ஒன்று போட்டு இடப்பக்கம் பிரதர், வலப்பக்கம் ரோட். நடுவே கோட்டை வெட்டிக் கீழே இறங்கும் செங்குத்துக் கோடு. எதை எழுதினான்? லெட்டர். அது அதே கோட்டில் வினைக்கு வலப்பக்கம்; இரண்டுக்கும் நடுவே வரும் செங்குத்துக் கோடு கிடைக்கோட்டின் மேல் நிற்க வேண்டும், தாண்டவே கூடாது. என் மகள் தடுமாறியது இங்கேதான், அவசரப்படாதீர்கள். மை, எ, லாங் மூன்றும் தத்தம் பெயர்ச்சொல்லுக்குக் கீழே சாய்கோட்டில் தொங்கும்.

"ஷீ இஸ் டயர்ட்" வந்தால், இஸ்ஸுக்குப் பின்வரும் கோடு எழுவாய்ப் பக்கமாகச் சாயும். டயர்ட் என்பது ஷீயைப் பற்றியது என்று அந்தச் சாய்வே சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கோடு அது.