முதல் ஸ்கோரர் பிளஸ் டூவுக்குப் போய்விட்டால் அணியை நடத்துவது எப்படி

நந்தனம் பக்கம் பையன்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லித்தருகிறேன். ஜூன் பிறந்தால் ஒருவன் தலைகுனிந்து வந்து நிற்பான். "சார், பிளஸ் டூ. பப்ளிக் முடிஞ்சதும் வந்துடுறேன்." பெரும்பாலும் அவன்தான் எங்கள் முதல் ஸ்கோரராக இருப்பான். தடுக்காதீர்கள், மனதார அனுப்புங்கள். அதன்பின் செய்ய வேண்டியதை நான் அமெரிக்காவின் சிகாகோ புல்ஸ் பாஸ்கெட்பால் அணியைப் பார்த்துத்தான் கற்றேன்.

1991, 92, 93 என்று மூன்று கோப்பை வென்ற கையோடு அந்த அணியின் முதல் ஸ்கோரர் மைக்கேல் ஜோர்டன் விலகினார். அந்தக் கோடையில் அவர் அப்பா கொல்லப்பட்டிருந்தார். ஜோர்டன் விலகுமுன் ஆடிய சீசனில் அணிக்கு 57 வெற்றி, இல்லாத சீசனில் 55. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் இன்னொரு ஜோர்டனைத் தேடவில்லை. பந்து ஐந்து பேர் கையிலும் சுற்றும் முக்கோண ஆட்டத்தையே தொடர்ந்தார். நான் ஒருமுறை உயரமான பையனைக் கூப்பிட்டு "இனி நீதான் அவன்" என்றேன். ஒரே மாதத்தில் அவன் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ஆகவே போனவனின் வேலைகளை நோட்டில் எழுதி, மூன்று நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்.

கடைசி ஷாட்டை மட்டும் பிரிக்க முடியாது. 1994 பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், நியூயார்க்குடன் மூன்றாவது ஆட்டம், 102-102, மிச்சம் 1.8 விநாடி. ஜாக்சன் ஷாட்டை டோனி குகோச்சுக்குக் கொடுத்தார். ஆண்டு முழுக்க அணியைச் சுமந்த ஸ்காட்டி பிப்பன் மனம் நொந்து களமிறங்க மறுத்தார். குகோச் போட்டார், வென்றார்கள். ஆனாலும் தொடரை ஏழாவது ஆட்டத்தில் இழந்தார்கள். அந்த ஷாட் யாருக்கு என்பதை ஆட்டத்துக்கு முதல் நாளே முடிவுசெய்து, கிடைக்காதவனிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கவலை ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. 1994 கோடையில், புல்ஸுக்கு ரீபவுண்ட் எடுத்துத்தந்த ஹோரஸ் கிராண்ட் ஆர்லாண்டோ அணிக்குப் போனார். அதன்பிறகுதான் புல்ஸ் உண்மையில் தடுமாறியது: ஜோர்டன் திரும்பும்வரை 34 வெற்றி, 31 தோல்வி. ஸ்கோரரின் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்து, சத்தமில்லாமல் ரீபவுண்ட் எடுப்பவனை விட்டுவிடாதீர்கள்.

திரும்பி வருபவனிடம் உடனே எதிர்பார்க்காதீர்கள். 1995 மார்ச்சில் ஜோர்டனே முதல் ஆட்டத்தில் 28 ஷாட்டில் 7தான் போட்டார். அந்த ஆண்டும் ஆர்லாண்டோவிடம் தோற்றார்கள். கோடை முழுதும் உழைத்து, டென்னிஸ் ராட்மன் ரீபவுண்டுக்கு வந்தபிறகே அடுத்த சீசனில் 72 வெற்றி, அடுத்தடுத்து மூன்று கோப்பை. பரீட்சை முடித்து வரும் பையனுக்கு மே மாத டோர்னமெண்டில் பத்து நிமிடம் போதும்.

ஜோர்டன் விலகாமல் இருந்திருந்தால் எட்டுக் கோப்பை என்பார்கள். நான் நம்பவில்லை. களைத்து, அப்பாவையும் இழந்த மனிதருக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது.

ஜோர்டனின் 23ஆம் எண் ஜெர்சிக்கு, இனி யாரும் அணியாதபடி, அணி ஏற்கெனவே ஓய்வு கொடுத்துவிட்டதால், திரும்பியபோது அவர் 45 அணிந்தார். எங்கள் பையனின் 7ஆம் எண் ஜெர்சியைத் துவைத்து மடித்து என் பீரோவில் வைத்திருக்கிறேன்.