சேகரத் தரவுகளைப் பல கருவிகளில் ஒத்திசைப்பது எப்படி: இணையம் கிடைக்காத ஊர்களுக்கும் சேர்த்து

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு) பெரும்பாலும் ஒரே ஊரோடு முடிந்துவிடுவதில்லை. தலைமையிடத்து ஆலயத்தோடு சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஆலயங்களும் அதில் அடங்கும். குடும்பப் பதிவேடு சேகர அலுவலகக் கணினியில் இருக்க, குடும்பங்கள் ஆண்டுதோறும் சபைக்குச் செலுத்தும் சங்கக் காணிக்கையை வீடு வீடாகச் சென்று பெறும் உபதேசியாரின் (ஊர் ஆலய ஊழியரின்) கையில் இருப்பது ஒரு கைப்பேசி மட்டுமே. அதிலும் சில தெருக்களில் சிக்னல் இருக்காது. இந்த நிலையில் எக்செல் கோப்பை வாட்ஸ்அப்பில் மாறி மாறி அனுப்பிக்கொள்வதே வழக்கமாக இருந்து, திருச்சபைத் தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியல் தயாரிக்கும்போதுதான் "இறுதி", "இறுதி 2", "சரியான இறுதி" என்று மூன்று கோப்புகள் இருப்பது தெரியவரும்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், இணையமின்றி இருவர் செய்த மாற்றங்கள் மோதாதபடி பதிவை அமைப்பதே முதல் வேலை. ஆண்டுச் சங்கக் காணிக்கை 1,200 ரூபாய் என்றுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் அலுவலகத்தில் 300 ரூபாய் கட்டுகிறார். அதே நாளில் தாயார் ஊரில் உபதேசியாரிடம் 200 ரூபாய் கொடுக்கிறார். "நிலுவை" என்ற ஒரே கட்டத்தை இருவரும் திருத்தினால், கணினி 900 என்றும் கைப்பேசி 1,000 என்றும் எழுதும். இணையம் வந்தவுடன் பிறகு வந்து சேர்ந்த எண்ணே நிலைக்கும் என்பதால், எது நிலைத்தாலும் கணக்குத் தவறுதான். ஆகவே நிலுவையை எங்கும் எழுதி வைக்கக் கூடாது. ஒவ்வொரு காணிக்கையும் தனி வரிசையாகச் சேர வேண்டும், நிலுவையைச் சூத்திரம் கூட்டிக் கழித்துக் காட்ட வேண்டும். இரண்டு வரிசைகள் எந்த முறையில் வந்து சேர்ந்தாலும் விடை 700 ரூபாய்தான். தவறாகப் பதிந்த தொகையையும் அழிக்காமல், அதே தொகையைக் கழித்தல் குறியோடு இன்னொரு வரிசையாகச் சேர்த்துக் காரணத்தை எழுதிவிட்டால், தணிக்கையாளரும் கேள்வி கேட்க மாட்டார்.

நடைமுறைக்கு வருவோம். சிறிய சேகரத்துக்குத் தரவைக் கூகுள் ஷீட்ஸில் வைத்து, கைப்பேசிகளுக்கு அந்தத் தரவைச் செயலியாகக் காட்டும் கூகுளின் ஆப்ஷீட்டைக் கொடுப்பது எளிதாக இருக்கும். குடும்பங்கள், உறுப்பினர்கள், காணிக்கைகள் என மூன்று தாள்கள் போதும். ஒவ்வொரு தாளின் முதல் பத்தியும் (நெடுவரிசையும்) அடையாள எண்ணாக இருக்க வேண்டும். பெயரை அடையாளமாக வைத்தால் ஒரே ஊரில் நான்கு ஜெபராஜ்கள் இருப்பார்கள். வரிசை எண்ணை வைத்தால், யாராவது நடுவில் ஒரு வரிசையை நீக்கிய உடனே ஒருவர் காணிக்கை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். ஆப்ஷீட்டில் அந்தப் பத்தியின் தொடக்க மதிப்பாக யுனீக்ஐடி என்னும் சூத்திரத்தைக் கொடுத்தால், இணையம் இல்லாதபோதும் கைப்பேசியே திரும்ப வராத ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொள்ளும். ரசீது எண் இதிலிருந்து வேறானது. அதை ஊருக்கு ஒரு முன்னெழுத்தோடு தனித்தனி எண்தொடராக ஒதுக்கிவிட்டால், இரண்டு கருவிகள் ஒரே எண்ணை வழங்கும் சிக்கல் எழாது.

அடுத்து, செயலியின் அமைப்புகளில் இணையமின்றித் திறக்க அனுமதிக்கும் தெரிவை இயக்கி, ஊழியர் புறப்படும் முன்பு அலுவலக வைஃபையில் ஒருமுறை ஒத்திசைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் குடும்பப் பட்டியல் கைப்பேசிக்குள் வந்து சேரும். ஊரில் அவர் பதிகிறவை கைப்பேசியிலேயே வரிசையில் காத்திருக்கும்; எத்தனை பதிவுகள் இன்னும் போகவில்லை என்பதை ஒத்திசைவுக் குறியின் மேலுள்ள எண் காட்டும். திரும்பி வந்ததும் அந்த எண் மறையும் வரை செயலியை மூடாதிருப்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் தேதியும் நேரமும் தானாக அமையும்படி விட்டிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இன்றைய காணிக்கை போன மாதக் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். அலுவலகத்தில் இருப்பவர் ஷீட்ஸின் பத்தித் தலைப்புகளை மாற்றக் கூடாது. தலைப்பு மாறினால் செயலி அந்தத் தாளை அடையாளம் காணாமல் பிழை காட்டும்.

எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆப்ஷீட்டின் பாதுகாப்பு வடிகட்டியைக் கொண்டு, ஒவ்வோர் உபதேசியாரின் கைப்பேசிக்கும் அவருடைய ஊர்க் குடும்பங்கள் மட்டும் செல்லும்படி செய்யலாம்; கைப்பேசி தொலைந்தாலும் இழப்பு ஓர் ஊரோடு நிற்கும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமண விவரங்களை அலுவலகம் மட்டுமே திருத்த, மற்றவர்கள் பார்க்க மட்டும் முடியும்படி வைப்பது நல்லது. திருமணத்தைப் பொறுத்தவரை 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி வைக்கப்படும் பதிவேடே மூலம். கணினியில் இருப்பது தேடுவதற்கான நகல்தான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் பட்டியலைச் சேர்ப்பதாயின், 18 வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கோரும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் கொள்ளுங்கள். குருவானவர் கேட்டறிந்த குடும்பச் சிக்கல்களும் ஜெப விண்ணப்பங்களும் பகிரப்படும் எந்தத் தாளுக்கும் உரியவை அல்ல.

பயன்பாட்டுக்கு விடும் முன்பு இரண்டு கைப்பேசிகளை ஏரோப்ளேன் மோடில் வைத்து, ஒரே குடும்பத்துக்கு இரண்டிலும் காணிக்கை பதிந்து, ஒன்றில் மட்டும் வீட்டு முகவரியையும் மாற்றி, பிறகு இணையத்தை இணைத்துப் பாருங்கள். காணிக்கைகள் இரண்டும் முகவரி மாற்றமும் ஷீட்ஸில் தெரிந்தால் அமைப்பு சரி. ஒத்திசைவைக் காப்பு நகல் என்று நம்பிவிட வேண்டாம். ஒரு கருவியில் அழித்தது எல்லாக் கருவிகளிலும் அழியும். மாதக் கணக்கு முடிக்கும் நாளில் மூன்று தாள்களையும் பதிவிறக்கி, அலுவலக அலமாரியில் வைக்கும் பென்டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தும் குருவானவரின் சொந்தக் கணக்கில் அல்லாமல், சேகரத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சல் கணக்கில் இருக்க வேண்டும்; இடமாற்றம் வரும்போது கடவுச்சொல்லை மாற்றுவதோடு வேலை முடியும். பொறுப்பை ஒப்படைக்கும் ஊழியரின் கைப்பேசியில் காத்திருக்கும் பதிவுகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே செயலியை நீக்கச் சொல்லுங்கள். முன்னதாக நீக்கினால் அனுப்பப்படாத ரசீதுகளும் சேர்ந்து போய்விடும், அவற்றைத் தாள் ரசீதுக் கட்டைப் புரட்டித்தான் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.