நீர்வெட்டு அறிவித்தால்: தாங்கி, வால்வு, மோட்டார், திரும்பி வரும் மண்ணிறத் தண்ணீர்

24 மணிநேர நீர்வெட்டு என்று அறிவித்தால் 36 மணிநேரத்துக்குத் தண்ணீர் பிடித்து வையுங்கள். அறிவிப்பில் போடும் நேரம் பெரிய குழாய் வேலை முடியும் நேரம்தான், உங்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வரும் நேரம் அல்ல. வடிந்துபோன பிரதான குழாய்கள் முதலில் நிரம்ப வேண்டும். பிறகு தாழ்ந்த இடத்து வீடுகளுக்கு வரும், மேட்டு நிலத்துக்கும் லைனின் கடைசி வீடுகளுக்கும் கடைசியில்தான்.

லபுகம நீர்த்தேக்கத்துத் தண்ணீர் 1886இல் இருந்தே உயரத்தில் இருந்து தானாக இறங்கி கொழும்புக்கு வருகிறது. அம்பத்தலை நீர் சுத்திகரிப்பு நிலையம் அப்படி அல்ல. களனி கங்கையில் எடுத்துச் சுத்திகரித்த தண்ணீரை மின்சாரப் பம்ப்தான் தள்ள வேண்டும். அதனால் அங்கே கரண்ட் போனாலும் கொழும்பு, தெஹிவளை, கோட்டே, கொலன்னாவ என்று ஒரே நேரத்தில் குழாய் வற்றும். முன்னறிவிப்பு இல்லாத வெட்டு பெரும்பாலும் இப்படியோ, குழாய் வெடித்தோதான் வருகிறது.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 120 லீற்றர் என்றால் 36 மணிநேரத்துக்கு 900 லீற்றர். 1000 லீற்றர் தாங்கி நிரம்பி இருந்தால் பயமில்லை. 500 லீற்றர் தாங்கிதான் என்றால் ஆளுக்கு நாளைக்கு 67 லீற்றர்கூட முழுதாக வராது. உடுப்புத் தோய்ப்பதைத் தள்ளிப்போடுங்கள், குளிப்பது வாளியில். குடிக்க ஆளுக்கு நாளைக்கு 3 லீற்றரை மூடியுள்ள பாத்திரத்தில் தனியாக எடுத்து வையுங்கள். அதில் கை விடக்கூடாது, அகப்பையால் எடுக்க வேண்டும்.

தண்ணீர் நின்றதும் மீற்றருக்கு அடுத்துள்ள வால்வை மூடுங்கள். குழாய் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சும். நுனி வாளிக்குள் கிடக்கும் ஹோஸ் பைப்பே போதும், வாளித் தண்ணீர் லைனுக்குள் போய்விடும். ஹோஸைக் கழற்றி வையுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். வரும்போது தெரியட்டும் என்று ஒன்றைத் திறந்து விட்டுத் தூங்குபவர்கள் விடியற்காலையில் வெள்ளத்தில் எழும்புகிறார்கள். கீழ்த் தாங்கியில் இருந்து மேலே ஏற்றும் மோட்டாரின் சுவிட்சையும் அணையுங்கள். காய்ந்து ஓடினால் சீல் சூடேறிப் பழுதாகும். சுடுநீர் கீசரும் அப்படியே.

தண்ணீர் திரும்பும்போதுதான் கூடுதல் பிழை நடக்கிறது. முதலில் வருவது காற்று, பின்னால் மண்ணிறத் தண்ணீர். குழாய்ச் சுவரில் படிந்திருந்த துருவும் வண்டலும் வேகத்தில் கிளம்புகின்றன. அது தாங்கிக்குள் போனால் அடியில் தங்கிவிடும். ஆகவே தாங்கிக்குப் போகும் வால்வை மூடியே வைத்துக்கொண்டு, மீற்றர் பக்க வால்வை மெல்லக் கால்வாசி மட்டும் திறந்து, நிலமட்டத்தில் நேரடி லைனில் (தாங்கிக்குப் போகாமல் மீற்றரில் இருந்து நேரே வரும் லைன்) உள்ள குழாயை வாளிக்குள் ஓட விடுங்கள். காற்று வேகமாகப் போனாலும் மீற்றர் சுற்றும், மெல்லத் திறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். நிறமும் அடியில் துகளும் இல்லை என்றால் தாங்கி வால்வைத் திறக்கலாம். வாளித் தண்ணீரை மலசலகூடத்துக்கு ஊற்றுங்கள், வெள்ளை உடுப்புக்கு மட்டும் வேண்டாம்.

அமுக்கம் குறைந்த நேரத்தில் குழாய் நிமிடத்துக்கு 4 லீற்றர்தான் தரும், 1000 லீற்றருக்கு நான்கு மணிநேரத்துக்கு மேல் ஆகும். மேலும், ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அமுக்கம் வேண்டும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மூன்றாம் மாடிக் கூரையில் தாங்கி இருந்தால், அக்கம்பக்கம் தூங்கிய பிறகே அதற்கு ஏறும். அவசரத்தில் மோட்டாரை நேரே நீர் வழங்கல் சபையின் லைனில் பூட்டி உறிஞ்சுவது சட்டப்படி குற்றம். கசிவுள்ள இடங்களால் கான் தண்ணீரும் லைனுக்குள் வரும், குடிக்கப்போவது நீங்களும் அயலவரும்தான்.

தாங்கி நிரம்பியும் வழிந்துகொண்டே இருந்தால் மிதவை வால்வின் வாயில் மணல் சிக்கியிருக்கும். லைனை மூடி, வால்வைக் கழற்றி, ரப்பர் வாஷரைக் கழுவிப் பூட்டுங்கள். வாஷரில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும்.

தாங்கி நிறையத் தண்ணீர், குளியலறையில் சொட்டுக்கூட இல்லை என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. நேரடி லைன் குழாயையும் தாங்கி லைன் குழாயையும் ஒரு ஹோஸால் இறுக்கமாக இணைத்து, தாங்கிப் பக்கத்தை முதலில் திறந்து, பிறகு நேரடிப் பக்கத்தை மெல்லத் திறவுங்கள். மேலே தாங்கியில் குமிழி விடும் சத்தம் நின்றதும் இரண்டையும் மூடி ஹோஸைக் கழற்றுங்கள். அதை மறந்து அப்படியே விட்டால் அடுத்த வெட்டில் தாங்கி லைனுக்குள் வடிந்துவிடும்.

அழுக்குத் தண்ணீர் தாங்கிக்குள் போய்விட்டதா? வடித்து, தும்புத் தூரிகையால் தேய்த்து, கால்வாசி நிரப்பி, 1000 லீற்றர் கொள்ளளவுக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் திரவம் 1 லீற்றர் ஊற்றிக் கலக்குங்கள். முழுதும் நிரப்பி 24 மணிநேரம் விட்டு, அந்தத் தண்ணீரை எல்லாக் குழாய்களாலும் வடித்துவிட்டு, புதிதாகப் பிடியுங்கள். அதுவரை அதைக் குடிக்கக் கூடாது. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், மூடிய தாங்கிக்குள் அது உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் தெளிந்தாலும் அன்றைய குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். அக்கம்பக்கம் எல்லாருக்கும் வந்து உங்களுக்கு மட்டும் வராவிட்டால் மீற்றருக்கு முன்னும் பின்னும் உள்ள வால்வுகளைப் பாருங்கள். தெருவுக்கே வரவில்லை, அல்லது மண்ணிறம் மாறவே இல்லை என்றால் நீர் வழங்கல் சபையின் 1939க்கு அழையுங்கள். பில்லில் உள்ள கணக்கிலக்கத்தைக் கையில் வைத்திருங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.