மின்வேலைக்கு ஆளை அமர்த்தும்போது தீப்பாதுகாப்பை உறுதிசெய்வது எப்படி?

மின்வேலைக்கு ஒருவரை அமர்த்தும் முன், அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவர் அண்மையில் வேலை முடித்துக் கொடுத்த வீட்டாரிடமும் விசாரியுங்கள். கூலி பேசும்போதே, எந்தப் பருமனுள்ள ஒயர், எத்தனை ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுமீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீ விபத்துக்கு வழிவகுக்கும் தவறு பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக, ஒயரை மாற்றாமல் 16 ஆம்பியருக்குப் பதிலாக 32 ஆம்பியரை மாட்டித் தருபவர் குறையைத் தீர்க்கவில்லை. ஒயர் தாங்கும் அளவைமீறி மின்னோட்டம் பாய்ந்து, சுவருக்குள் அதன் உறை உருகத் தொடங்கினாலும் எம்.சி.பி. விழாதபடி செய்துவிடுகிறார். இப்படிச் செய்பவரிடம் வேலையைத் தொடரவே விடக்கூடாது.

முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன், தண்ணீர் சூடேற்றி போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் கருவியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடோ கருகல் வாடையோ இருந்தால், இணைப்பு தளர்வாக இருக்க வாய்ப்புண்டு என்பதால், மெயினை அணைத்து அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியின் சோதனைப் பொத்தானையும் உங்கள் முன்னிலையில் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

படுக்கையறைகளுக்கு அருகே உட்கூரையில் புகை எச்சரிக்கைக் கருவியையும் அவரைக் கொண்டே பொருத்தி, மாதம் ஒருமுறை சோதித்து, 10 ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுங்கள்.