சரளை நிலத்தில் என்ன செய்யலாம்? மண்ணையும் சரிவையும் நீங்களே அளந்து பாருங்கள்

சரளை நிலம் வாங்கியவர்கள் முதலில் கேட்பது "என்ன மரம் வைக்கலாம்?" என்றுதான். நாற்றுப் பண்ணையில் போய் இதைக் கேட்டால், அங்கே எந்தக் கன்று அதிகமாகத் தேங்கியிருக்கிறதோ அதையே உங்கள் நிலத்துக்கு ஏற்றது என்று சொல்லி அனுப்பவும் வாய்ப்புண்டு. எனவே கன்று வாங்கும் முன் நான்கு விஷயங்களை அளந்துவிடுங்கள்: மண்ணின் ஆழம், அதில் கல்லின் பங்கு, கல்லின் வகை, நிலத்தின் சரிவு. இதற்கு ஆய்வகம் எதுவும் தேவையில்லை. கடப்பாரை, மண்வெட்டி, அளவு குறித்த வாளி, சல்லடை, ஒரு பாலித்தீன் தாள், அளவு நாடா, கொஞ்சம் வினிகர், கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர் நிரப்பிய மட்டக்குழாய், உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் போதும்.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது கிருஷ்ணகிரி, தருமபுரி, கரூர், திருப்பூர், புதுக்கோட்டைப் பக்கங்களில் காணப்படும் மானாவாரிச் செம்மண் சரளை.

படி 1: மூன்று இடங்களில் குழி

ஒரே ஏக்கருக்குள்ளும் மேட்டில் ஒரு மண், பள்ளத்தில் வேறொரு மண் இருக்கும். மழைநீர் நுண்மண்ணைக் கீழே இழுத்துக்கொண்டு போய் கல்லை மட்டும் மேலே விட்டுவிடுவதுதான் காரணம். ஆகவே மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடங்களில் குழி எடுங்கள். முடிந்தால் ஒரு மீட்டர் ஆழம் வரை போங்கள். பாறை தட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடப்பாரை எழுப்பும் ஓசையைக் கவனியுங்கள். 'ணங்' என்று கை அதிர்ந்தால் அது கெட்டிப் பாறை, வேர் அதற்குக் கீழே போகாது. 'சரக்' என்று இரண்டு விரற்கடை இறங்கி, நெம்பினால் பொலபொலவென்று உதிர்ந்தால் அது மக்கிய பாறை. பயிருக்கு அதனால் பெரிய பயனில்லை. ஆனால் மரத்தின் வேர் விரிசல் வழியே அதற்குள் நுழைந்துவிடும். இந்த வேறுபாட்டைப் பாராமல் "ஒன்றரை அடியில் பாறை, எதற்கும் ஆகாது" என்று நிலத்தைத் தள்ளிவிடுவது அவசர முடிவு.

படி 2: கல் எத்தனை பங்கு?

இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்டதெல்லாம் கல், அதற்குக் கீழே உள்ளதுதான் மண் என்பது மண்ணியல் கணக்கு. கல்லை எடை போட்டு அளப்பவர்கள் உண்டு. ஆனால் மண்ணைவிடக் கல் கனமானது என்பதால், எடையில் அதன் பங்கு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். பருமனாக அளப்பதே சரி.

ஓர் அடி ஆழத்துக்கு மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அந்த மட்டத்தில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் சுமார் 20 செ.மீ. வரும்படி சிறு குழி ஒன்று வெட்டுங்கள். வெட்டிய மண் முழுவதையும் சிந்தாமல் சாக்கில் சேருங்கள். குழிக்குள் பாலித்தீன் தாளைப் படிய விரித்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் குழியின் கொள்ளளவு. ஏறத்தாழ 8 லிட்டர் வரும். பிறகு சாக்கு மண்ணைச் சலித்து, தங்கிய கல்லைக் கழுவி, பாதி தண்ணீர் உள்ள வாளியில் போடுங்கள். நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்ததோ அதுவே கல்லின் பருமன். 8 லிட்டர் குழியில் கல் 3.2 லிட்டர் என்றால் 40 சதவீதம். செம்பூராங்கல் (லேட்டரைட்) போல நீரை உறிஞ்சும் கல்லாக இருந்தால் முதலில் ஊறவைத்துவிட்டு அளக்க வேண்டும்.

15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கல்லை மறந்துவிடலாம். 35 வரை சாதாரணச் சரளை. 35-லிருந்து 60 வரை கடும் சரளை. அதற்கும் மேலே போனால் ஒரே பருவத்தில் விதைத்து அறுக்கும் பயிரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

படி 3: மழை நின்றால் எத்தனை நாள் தாங்கும்?

என் பார்வையில் இதுதான் முழு வேலையின் உயிர்நாடி. மணற்பாங்கான செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மி.மீ. தண்ணீரைப் பயிர் எடுக்கும்படி பிடித்துவைக்கும். கல் பெரும்பாலும் எதையும் பிடித்துவைக்காது. எனவே 40 சதவீதம் கல் இருந்தால் மிஞ்சுவது 60 மி.மீ. மண் அரை மீட்டரே ஆழம் என்றால் 30 மி.மீ. நன்கு வளர்ந்து நிற்கும் பயிர் வெயில் நாளில் 5 மி.மீ. வரை குடிக்கும். அதாவது ஆறே நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். கல்லில்லாத, ஒரு மீட்டர் ஆழமுள்ள பக்கத்து நிலம் அதே மழையைக் கொண்டு இருபது நாள் ஓட்டும்.

பருவமழைக்கு நடுவே இரண்டு வாரம் வானம் வெளுத்துப்போவது நமக்குப் புதிதல்ல. ஆறு நாள் தாங்கும் நிலத்தில் மக்காச்சோளம் போடுவது சூதாட்டம். கொள்ளும் சாமையும் போட்டால் ஏதாவது வீடு வந்து சேரும்.

சலித்த நுண்மண்ணை ஈரமாக்கி உருட்டியும் பாருங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் மணல். அப்போது மேலே சொன்ன 100-ஐ 60, 70 என்று குறைத்துக்கொள்ளுங்கள். விரலிடையே நாடாவாக நீண்டால் களி உண்டு, கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

படி 4: எந்தக் கல்?

வெள்ளை வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) என்றால் தொல்லையில்லை. அது மண்ணோடு எந்த வம்புக்கும் போகாது. சுக்கான் கல் அப்படியல்ல. ஒரு கல்லை உடைத்து, உடைந்த முகத்தில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் இளம் இலைகள் மஞ்சளாகும். மா அங்கே சிரமப்படும், நெல்லியும் இலந்தையும் பொறுத்துக்கொள்ளும். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்பூராங்கல் மண்ணில் சிக்கல் வேறு. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை)ப் பிடித்துக்கொள்வதால், போட்ட உரம் முழுவதும் பயிருக்குப் போய்ச் சேராது. முந்திரி அத்தகைய மண்ணில் ஓரளவு சமாளிக்கும்.

படி 5: சரிவு

மட்டக்குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒருவர் மேட்டிலும், சரிவின் போக்கிலேயே 10 மீட்டர் தள்ளி மற்றவர் கீழேயும் நிற்க வேண்டும். அளவு நாடாவைத் தரையோடு படியவிடாமல் மட்டமாகப் பிடியுங்கள். குழாயின் இரு முனையிலும் நீர்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து கழித்தால் உயர வேறுபாடு கிடைக்கும். 10 மீட்டருக்கு 60 செ.மீ. என்றால் சரிவு 6 சதவீதம்.

கைபேசிச் செயலியில் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவற்றில் பல பாகை (டிகிரி) கணக்கில் காட்டும். 10 பாகை என்பது ஏறத்தாழ 17.6 சதவீதம். இரண்டையும் ஒன்றென்று எண்ணி வரப்புப் போட்டால் முதல் பெருமழையிலேயே உடைப்பெடுக்கும்.

படி 6: சேர்த்துப் பாருங்கள்

சரிவு 3 சதவீதத்துக்குள், ஆழம் ஒரு மீட்டர், கல் 35-க்குள் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மா, புளி தாராளமாக வைக்கலாம்; மாவுக்கு மூன்று பக்கமும் ஒரு மீட்டர் குழி. இடையில் கொள்ளு விதைக்கலாம். நிலக்கடலைக்கு மட்டும் யோசியுங்கள்: காய்ந்தால் இறுகும் சரளையில் செடியைப் பிடுங்கினால் கொடி கையோடு வரும், காய் மண்ணுக்குள் நின்றுவிடும்.

ஆழம் அரை மீட்டர், சரிவு 3-லிருந்து 10 வரை என்றால் சீதாப்பழம், நெல்லி, இலந்தை, முந்திரி. உழவு கட்டாயம் சரிவுக்குக் குறுக்கே. 6 சதவீதம் வரை, ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்துப் போடும் சம உயர வரப்பு தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு மரத்துக்கும் கீழ்ப்பக்கமாகப் பிறை வடிவில் கல்வரப்பு வையுங்கள். திறந்த பக்கம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி வைத்தால் தண்ணீர் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும்.

ஆழம் ஓர் அடிகூட இல்லை, சரிவு மட்டும் குறைவு. இத்தகைய நிலத்தைப் பலரும் தரிசு என்று எழுதிவிடுகிறார்கள். காங்கேயம் பகுதி விவசாயிகள் அப்படி எழுதவில்லை. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம்: இதுதான் அவர்களுடைய கொறங்காடு. புல் மாட்டுக்கும் ஆட்டுக்கும். வெள்வேல் நிழலும் தரும், கோடையில் அதன் காய் தீவனமாகவும் உதிரும். காங்கேயம் மாடு இத்தகைய மேய்ச்சலில் வளர்ந்த இனம். காட்டைத் தடுப்புகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் புல் அழியாது. மெல்லிய சரளை நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாட்டை நான் பார்க்கவில்லை.

சரிவு 10 சதவீதத்தைத் தாண்டினால் ஏரை இறக்காதீர்கள். விட்டு விட்டு வெட்டிய குறுக்கு அகழிகள், அவற்றின் கரையில் வேம்பு போன்ற மரங்கள், இடையில் புல். 33-க்கு மேல் என்றால் ஆட்டையும் விடாமல் நிலத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

பொக்லைனை விட்டுச் சரிவை மட்டமாக்குவதுதான் புதிதாக நிலம் வாங்கியவர்கள் ஆசையாகச் செய்யும் வேலை. மேட்டை வெட்டும்போது அங்கிருந்த மெல்லிய மேல்மண் பள்ளத்துக்கு அடியில் புதைந்துபோகும். வெட்டிய இடத்தில் அடியில் கிடந்த வெறும் முரம்பு (கெட்டிச் சரளை) பல்லைக் காட்டும். மேற்பரப்புக் கல்லையெல்லாம் பொறுக்கிக் கொட்டுவதும் தேவையற்றது. மழைத்துளியின் அடியை மண் மேல் விழாமல் தாங்குவதும், ஆவியாதலைக் குறைப்பதும் அந்தக் கல்தான். கொழுவில் மாட்டும் பெரிய கல்லை மட்டும் எடுத்து வரப்புக்குப் பயன்படுத்துங்கள்.

பண்ணைக்குட்டை வெட்டினால் சரளையில் தண்ணீர் நிற்காது. அடியில் தாளோ களிமண்ணோ போட வேண்டும். கிணற்றுக்கு ஊற்று ஏறினால் போதும் என்பவர்கள் அப்படியே விட்டுவிடலாம், இறங்கும் நீர் வீணல்ல.

கடைசியாக, குழி வெட்டிய சரளையை லாரிக்காரரிடம் விற்றுச் செலவைச் சரிக்கட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொந்தப் பட்டா நிலமானாலும் சரளை சிறுகனிமக் கணக்கில் வரும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி வாங்காமல் எடுத்து விற்கக் கூடாது.